முடிவுகள் ஏதுமில்லை

சுவருக்கு அந்தப் பக்கம் குரல் மறுபடியும் "முடிவுகள் ஏதுமில்லை" என்றது. அது ஓடிய ஓட்டத்துக்கு வேறு யாராவது கேட்டிருந்தால் தமிழ் என்றே தெரிந்திருக்காது. காய்ந்த எண்ணெயில் கடுகு விழுந்த மாதிரி ஒரு பொரிச்சல், அவ்வளவுதான். பூவராகனுக்கு ஒவ்வொரு எழுத்தும் விளங்கியது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பழகிய காது அது. மழைக்காலத்தில் கேபிளுக்குள் தண்ணீர் இறங்கி லைன் முழுக்க இரைச்சலாக இருக்கும்போது, அந்த இரைச்சலின் அடியில் யாரோ ஒருவர் அலோ அலோ என்று கூப்பிடுவதைப் பிரித்தெடுத்தே அவருடைய காலம் போயிருந்தது. வேண்டாம் என்றாலும் அந்தக் காது கேட்கும். சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்து வைத்து, ரசம் சிந்திய இடத்தில் முழங்கை படாமல் தள்ளி உட்கார்ந்து, அவர் கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே அவர் மனைவி திலகவதி, திரையில் இருப்பதை வாசித்துச் சொல்கிற அந்தக் குரலை மெதுவாக்க வழி தேடி, கம்ப்யூட்டரோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தாள். எழுந்து போனால் அரை நிமிஷத்து வேலை. இன்சர்ட் விசையை அழுத்திக்கொண்டு ஸ்பேஸ் பாரைத் தட்டினால் ஒரு பெட்டி திறக்கும், அதில் வேகத்தைக் குறைத்துவிட்டால் குரல் மனுஷக் குரல் போலப் பேசும். ஆனால் போகக் கூடாது. கூப்பிடாமல் உள்ளே வரக் கூடாது என்று சொல்லிவைத்திருந்தாள். போன மாதம் அவள் கையிலிருந்த மௌஸை வாங்கி, "கொடு, கொடு, நான் பண்ணித் தர்றேன்" என்று இவர் பண்ணிக் கொடுத்த அன்றைக்கு வந்த உத்தரவு. "எனக்குக் கண்ணுலதான் கோளாறு, கையில இல்ல. கூப்பிட்டா வாங்க. கூப்பிடலன்னா உள்ள என்ன சத்தம் கேட்டாலும் வராதீங்க." இடது கண் முன்பே போய்விட்டது. வலது கண்ணில் மூங்கில் குழாய் வழியாகப் பார்க்கிற அளவுக்கு ஏதோ மிச்சம் இருப்பதாக அவளே சொன்னாள். அந்த மிச்சத்தைக் காப்பாற்றத்தான் காலையும் ராத்திரியும் சொட்டு மருந்து. அந்தப் பாட்டிலை ஃபிரிட்ஜின் கதவில் முட்டைக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். ஃபிரிட்ஜ் உறுமி அடங்கியது. குரல் இப்படி ஓடுவதற்குக் காரணமே அவர்தான். காலையில் மார்க்கெட்டுக்குக் கிளம்புகிற அவசரத்தில் புதுப் பதிப்பின் முன்னோட்டத்தை ஏற்றிவிட்டுப் போனார், அது பழைய அமைப்புகளை எல்லாம் அழித்துவிட்டது. அதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

எரிச்சல் என்னவென்றால், அந்தப் பெட்டியைப் பற்றிய உதவிப் பக்கம்தான் இப்போது அவர் திரையில் திறந்திருந்தது. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம் என்று உலகத்தில் பல மூலைகளிலிருந்து பலர் சேர்ந்து கட்டுகிற மென்பொருள் அந்தக் குரல். ஓய்வு பெற்ற நாளிலிருந்து அதன் தமிழ் உதவிப் பக்கங்கள் பூவராகன் பொறுப்பு. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் படிக்கிறவர் கண்ணில் படாத சில வரிகள் உண்டு. தலைப்பு, ஒரு வரி விளக்கம், எழுதியவர், பொறுப்பாளர், கடைசியாகச் சரிபார்த்த தேதி, தேடுசொற்கள். மற்றவர்கள் மெட்டாடேட்டா என்றார்கள். திலகவதி அதற்குத் தலைக்குறிப்பு என்று பெயர் வைத்தாள், அது நிலைத்துவிட்டது. ஆயிரம் பேர் உட்கார்ந்து ஆயிரம் பக்கம் எழுதினாலும் தேடுகிற பெட்டி பக்கத்துக்குள் போய்ப் பார்க்காது. தலைக்குறிப்பை மட்டும்தான் பார்க்கும். அதில் இல்லாத சொல்லைத் தேடினால் அந்தப் பக்கமே உலகத்தில் இல்லை. இதை அவர் எத்தனை பேரிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பார். பக்கம் எழுத ஆள் வருவார்கள், படம் போட ஆள் வருவார்கள், தலைக்குறிப்பை ஒழுங்கு பண்ண ஒருத்தரும் வர மாட்டார்கள். அதில் பெயர் கிடைக்காது, கைதட்டல் கிடைக்காது, தப்பு நடந்தால் மட்டும் தேடிக்கொண்டு வருவார்கள். போதாததற்கு அந்தச் சோதனை நிரல் வேறு. எதை அனுப்பினாலும் முதலில் அது வாங்கிப் பார்க்கும். விளக்கம் நீளம் மிகுந்துள்ளது என்று திருப்பி அடிக்கும். எங்கே நீளம்? ஆங்கிலத்தில் இரண்டு முழு வாக்கியம் எழுத இடம் இருக்கிறது. தமிழில் ஒரு வாக்கியத்தின் நடுவிலேயே மூச்சு முட்டுகிறது, ஏனென்றால் அந்த நிரல் எழுத்தை எண்ணுவதில்லை, எழுத்தை உள்ளே சேர்த்துவைக்கப் பிடிக்கிற இடத்தை எண்ணுகிறது. ஒரு 'அ' அதற்கு மூன்று. ஒரு 'கோ' அதற்கு ஆறு. நம் வாயைத் திறந்தாலே அதற்கு நீளம். போன வருஷம் இதை ஒரு புகாராகப் பதிந்தார். "சிறு குறை, பிறகு பார்க்கப்படும்" என்று முத்திரை குத்தி வைத்திருக்கிறார்கள். பிறகு என்றால் எப்போது? யாருக்குச் சிறு குறை?

தடதடவென்று விசைகள் விழும் சத்தம். திலகவதி தட்டெழுத்தில் ஹையர் பாஸ் பண்ணியவள், பார்க்காமலே அடிப்பாள். பார்வை நன்றாக இருந்த காலத்திலும் விசைகளைப் பார்த்ததில்லை. அடித்த ஒவ்வொரு சொல்லையும் குரல் திருப்பிச் சொல்லும். ஒலிப்பு, என்றது. பூவராகன் நிமிர்ந்து உட்கார்ந்தார். வந்துவிட்டாள், சரியான இடத்துக்கு வந்துவிட்டாள். பக்கத்தின் தலைப்பு "ஒலிப்பு வீதத்தை அமைத்தல்". அவள் வைத்த தலைப்பு. இன்னும் ஒரே ஒரு சொல்தான். வேகம், என்றது குரல். ஒலிப்பு வேகம். முடிவுகள் ஏதுமில்லை. அவர் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். வேகம் இல்லை, திலகா, வீதம், வீதம். இந்த மேஜையில், இதே நாற்காலியில் உட்கார்ந்துதானே சண்டை போட்டாள். இவர் ஒலிப்பு வேகம் என்று எழுதியிருந்தார், அவள் சிவப்பு மையால் அடித்தாள். "வேகம் பஸ்ஸுக்கு. குரலுக்கு வீதம்." "யாரு வீதம்னு தேடுவா?" என்று இவர் கேட்டதற்கு, "சொல்லிக் கொடுத்தா தேடுவாங்க, சொல்லிக் கொடுக்கத்தானே நாம எழுதுறோம்" என்றாள். மேல்நிலைப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவள். வகுப்பில் ஒரு பையன் பேனா என்றால் எழுதுகோல் என்று திருத்திவிட்டுத்தான் அவன் கேட்ட கேள்விக்கே பதில் சொல்வாள். இந்த மென்பொருளுக்குள் இவர் அவளை இழுத்துவந்தபோது இவர் நினைத்தது, நாலு சொல் கேட்டுக்கொள்ளலாம் என்று. அவள் வந்து ஒரு ராஜ்ஜியமே கட்டிவிட்டாள். குழுவுக்கு விதிகள் எழுதினாள். தலைக்குறிப்பில் பேச்சு வழக்கும் பிறமொழிச் சொல்லும் கூடாது என்பது முதல் விதி. அவள் எழுதினாள், எல்லோரும் தலையாட்டினார்கள், இவரும் தலையாட்டினார். அவள் சொன்ன சொற்களில் ஒரு வெளிச்சம் இருந்தது, அது பொய்யில்லை. சாளரம் என்று அவள் சொன்ன அன்றைக்குத் திரையில் இருந்த சதுரத்துக்குள் நிஜமாகவே காற்று வந்த மாதிரி இருந்தது. இப்போது அவள் வைத்த பூட்டு, அவளே வெளியே நிற்கிறாள், சாவி எந்தச் சொல் என்று அவளுக்கு ஞாபகம் இல்லை. ஆயிரக்கணக்கான சொல் போட்டவளுக்கு ஒன்று மறந்துபோகாதா. அதுவும் காதுக்குள் கடுகு பொரிந்துகொண்டிருக்கும்போது.

குரல் வேகம். முடிவுகள் ஏதுமில்லை. வேகத்தைக் குறைக்க. முடிவுகள் ஏதுமில்லை. பிறகு விசைகள் நின்றன. மின்விசிறி மட்டும் சுற்றியது. தெருவில் உப்புக்காரன் கத்திக்கொண்டு போனான், அவன் குரல் சரியான வேகத்தில் போனது. கூப்பிடுவாள் என்று நினைத்தார். கூப்பிடுவாள், இதோ கூப்பிடுவாள். மறுபடியும் விசைகள். மெதுவா, என்றது குரல். மெதுவா பேசு. திலகவதி 'மெதுவா' என்று எழுதிவிட்டாள். மெதுவாக என்று எழுதாதவனுக்கு மதிப்பெண் குறைத்தவள். முடிவுகள் ஏதுமில்லை. ரொம்ப வேகமா ஓடுது. முடிவுகள் ஏதுமில்லை. புரியல. முடிவுகள் ஏதுமில்லை. தான் என்ன செய்கிறோம் என்று யோசிக்கும் முன்பே பூவராகனின் விரல்கள் அவற்றைத் தேடுசொற்களின் வரியில் ஒன்றன்பின் ஒன்றாக அடித்துக்கொண்டிருந்தன. குரல் வேகம், வேகத்தைக் குறைக்க, மெதுவா பேசு. இதுதானே வேண்டும். யார் எந்தச் சொல்லால் தேடுகிறார்கள் என்று தெரியாமல்தானே இத்தனை வருஷம் இருட்டில் கல் எறிந்துகொண்டிருந்தோம். இன்றைக்கு மூடப்போகிற பதிப்பில் இது ஏறிவிட்டால் வருகிற வாரம் அவள் கம்ப்யூட்டருக்கு வந்துவிடும். இன்றைக்கு உதவாது, இந்த நிமிஷம் அவள் படுகிற பாட்டுக்கு உதவாது, ஆனால் அடுத்த தடவை அவள் என்ன அடித்தாலும் பக்கம் வந்து முன்னால் நிற்கும். அப்போதுதான் கை நின்றது. எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த காலம் முழுக்க ஒரு நாளும் அடுத்தவர் பேச்சை ஒட்டுக் கேட்டதில்லை என்று அவருக்கு ஒரு கர்வம் உண்டு. ஹெட்போனை மாட்டுவார், இரண்டு பக்கமும் குரல் வருகிறதா என்று பார்ப்பார், கழற்றிவிடுவார். உடன் வேலை செய்த சிலர் ஊர்க் கதை எல்லாம் தெரிந்து வைத்திருந்தார்கள். எந்த வீட்டுப் பெண் யாரோடு பேசுகிறாள் என்று டீக்கடையில் வைத்துச் சிரிப்பார்கள். இவர் அந்தப் பக்கமே போக மாட்டார். கல்யாணத்துக்கு முன் திலகவதி ஹாஸ்டலிலிருந்து அவள் அக்காவுக்குப் போட்ட கால் ஒன்று இவர் கை வழியாகப் போனது. தன்னைப் பற்றித்தான் பேசப்போகிறாள் என்று தெரிந்தும் ஹெட்போனைக் கழற்றி வைத்தார். பிற்பாடு அதை அவளிடம் சொன்னபோது அவள் இவரை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையை வைத்துக்கொண்டுதான் பல வருஷம் ஓட்டியிருக்கிறார். இப்போது செய்வது என்ன? சுவரில் காதை வைக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனாலும் அடித்தார். அடித்து அனுப்பினார். சோதனை நிரல் திருப்பி அடித்தது, நீளம் மிகுந்துள்ளது. 'ரொம்ப'வை எடுத்தார். நீளம் மிகுந்துள்ளது. விளக்க வரியில் இரண்டு சொல்லை வெட்டி அந்த இடத்தை இங்கே கொடுக்க முடியுமா என்று பார்த்தார், முடியாது, அது அதற்கு, இது இதற்கு. நாற்பது வயசில் மூச்சிரைக்காமல் கம்பத்தில் ஏறியவர் இப்போது உட்கார்ந்த இடத்தில் இரைத்தார். வெட்டி வெட்டி, 'குறைக்க'வைக் கழித்து, காற்புள்ளிக்குப் பிந்தைய இடைவெளிகளைக்கூட நெருக்கி, கடைசியில் ஏற்றுக்கொண்டதற்கான பச்சை விழுந்தது. விழுந்த கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. நிரூபன். யாழ்ப்பாணத்துப் பையன், நார்வேயில் இருக்கிறான், தமிழ்ப் பக்கங்களை விதிப்படி சரிபார்த்துக் கடைசிக் கையெழுத்துப் போடுகிறவன் அவன்தான். பூவராகன் போனை எடுத்துக்கொண்டு சத்தம் உள்ளே போகாதபடி சமையலறைப் பக்கம் நடந்தார்.

"வணக்கம் ஐயா, சுகமா இருக்கிறியளோ?"

"இருக்கேன்பா. அனுப்பினதைப் பாத்தியா?"

"அதுக்குத்தான் எடுத்தனான். ஐயா, மெதுவா பேசு, புரியல எண்டெல்லாம் போட்டிருக்கிறியள். தவறுதலா வந்திட்டுதோ எண்டு கேக்கத்தான்."

"தவறுதல் இல்ல. அப்படித்தான் தேடுறாங்க."

"ஆர் தேடுகினம்?"

அவர் சிங்க் குழாயைப் பார்த்தார். சொட்டிக்கொண்டிருந்தது, கைப்பிடியைத் திருகினார், இன்னும் சொட்டியது. திலகவதியின் கண்ணைப் பற்றிக் குழுவில் ஒருவருக்கும் தெரியாது. சொல்லக் கூடாது என்றிருந்தாள். பாவம் டீச்சர் என்று ஒருத்தன் எழுதினாலும் அதோடு எனக்கும் இந்தக் குழுவுக்கும் தீர்ந்தது என்றிருந்தாள். "ஒருத்தர்," என்றார். "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர். கண் பார்வை இல்லாதவங்க."

"ஒராளுக்காக விதியை மாத்தேலாது ஐயா. இது டீச்சர் எழுதின விதி. நான் சின்னப் பெடியனா வந்து சேர்ந்தப்ப இதை வாசிச்சுத்தான் தமிழே எழுதப் பழகினனான். மதியத்துக்குப் பிறகு இங்க மூடிப்போடுவாங்கள். நான் வேணுமெண்டா டீச்சரிட்டயே ஒரு வார்த்தை கேட்டுப் பாக்கட்டோ?"

"வேணாம்பா. அவங்கள இதுல இழுக்காத."

"நான் இழுக்க இல்லை. விதியோட முரண் எண்டு நான் குறிச்சா அது தானாப் போகும் ஐயா. வேற வழி இல்லை. குறை நினைக்காதேங்கோ."

தானாகப் போகும். போனை வைத்த பிறகுதான் அது உறைத்தது. விதிகள் எழுதிய பக்கத்துக்கும் ஒரு தலைக்குறிப்பு இருக்கிறது, அதில் பொறுப்பாளர் என்ற இடத்தில் திலகவதியின் பெயரும் முகவரியும் இருக்கிறது. விதியைப் பற்றி எங்கே தகராறு வந்தாலும் அந்த முகவரிக்குக் கடிதம் போகும், என்ன சேர்த்தார்கள், யார் சேர்த்தார்கள் என்று வரி வரியாக. அந்தப் பெயரை எடுத்துவிட்டுத் தன் பெயரைப் போடவேண்டும் என்று அவர் போன தீபாவளியிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தார். முடியவில்லை. ஒவ்வொரு தடவையும் பக்கத்தைத் திறப்பார், அந்த வரியில் போய் நிற்பார், மூடிவிடுவார். பொறுப்பாளர் பெயரை நீக்கினால் பக்கத்தின் வரலாற்றில் இன்ன தேதியில் நீக்கப்பட்டது என்று நிரந்தரமாக ஏறிவிடும். அதைப் பார்க்கிறவர்கள் ஏன் என்று கேட்பார்கள். அதைவிட, நீக்கிவிட்டால் அவள் கண் திரும்பாது என்று இவரே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்று ஒரு பயம். பாண்டிச்சேரியில் டாக்டர் கண்ணின் அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது என்றுதானே சொன்னார். குழாய் அளவு தெரிகிறது என்றுதானே அவள் சொல்கிறாள். நேற்றுக்கூட வாசற்படியில் கால் தடுக்கியதற்கு, வெயில் கண்ணில் அடித்தது என்றாள். எந்த வெயில்? நேற்று வானம் மூடாப்பு. நேற்று நாள் முழுக்க மூடாப்பாகத்தான் இருந்தது. அவர் அந்த எண்ணத்தை அங்கேயே விட்டுவிட்டு மேஜைக்கு ஓடினார். ஓடி என்ன செய்ய? அனுப்பியதைத் திரும்பப் பெறலாம். பெற்றால் முரண் இல்லை, கடிதம் இல்லை. திரும்பப் பெறும் பொத்தான் எங்கே? இந்தத் தளத்தை வடிவமைத்தவனைப் பிடித்து உட்காரவைத்துத் தேடச் சொல்லவேண்டும். மூன்று புள்ளிகளுக்குள் ஒளித்து வைத்திருக்கிறான். அந்த மூன்று புள்ளிகள் எதற்குள்? சொற்கள் கண்முன் நீந்தின. கண்டுபிடித்தார். அழுத்தினார். "இந்த மாற்றம் ஆய்வில் உள்ளது, திரும்பப் பெற இயலாது." தமிழில்தான் சொன்னது. இயலாது என்பதும் அவள் போட்ட சொல்தான்.

உள்ளே டிங் என்று ஒரு மணி. பூவராகன் கையை மூக்குக் கண்ணாடியோடு சேர்த்து முகத்தில் அழுத்திக்கொண்டார். குரல் ஓடியது, ஓடி முடித்தது, அதில் தன் பெயர் பறந்து போனதை அவர் கேட்டார். அவளுக்குப் பிடிபட்டிருக்காது, அந்த வேகத்தில் பிடிபடாது, அழித்துவிடுவாள். அம்புக்குறி விசையின் ஒற்றைத் தட்டு. குரல் முதல் வரியை மறுபடி சொன்னது. இன்னொரு தட்டு. அதே வரி. அவள் விடவில்லை. ஒரு வரியை மூன்று தடவை, நாலு தடவை கேட்டு, விளங்கிய பிறகு அடுத்த வரிக்குப் போனாள். விடைத்தாள் திருத்துகிற அதே பொறுமை. சேர்க்கப்பட்டது, குரல் வேகம். சேர்க்கப்பட்டது, மெதுவா பேசு. தட்டு. சேர்க்கப்பட்டது, மெதுவா பேசு. தட்டு. சேர்க்கப்பட்டது, மெதுவா பேசு. அதற்கு மேல் தட்டு விழவில்லை. அவர் காத்திருந்தார். எக்ஸ்சேஞ்சில் லைன் அறுந்துபோகும்போது ஒரு நிசப்தம் வரும், வெறும் சத்தமின்மையாக இருக்காது, எதிர் முனையில் ஒருவருமில்லை என்று காதுக்குத் தெரியும். இது அப்படி இல்லை. எதிர் முனையில் ஆள் இருந்தது.

"என்னங்க."

கூப்பிட்டுவிட்டாள். இத்தனை நேரமும் அவர் காத்திருந்த அழைப்பு இதுதான். எழுந்தபோது முழங்கை ரசத்தில் பட்டது. உள்ளே அவள் கதவுக்கு முதுகைக் காட்டி, தோளை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள். திரை வெளிச்சம் அவள் கன்னத்தில் விழுந்திருந்தது.

"எத்தனை நாளா நடக்குது இது?"

"இன்னைக்குத்தான் திலகா. சத்தியமா இன்னைக்குத்தான்."

"ஒட்டுக் கேட்டதே இல்ல, ஹெட்போனைக் கழட்டி வச்சிடுவேன்னு ஊரெல்லாம் பேசுவீங்களே. பொண்டாட்டின்னா கழட்ட வேணாமா?"

"உனக்காகத்தான். உனக்கு அடுத்த தடவை கிடைக்கணும்னு."

"எனக்காக." அவள் அந்தச் சொல்லை அவரிடம் திருப்பிக் கொடுத்தாள். "நிரூபன் படிச்சிருக்கான். குழுவில எல்லாரும் படிச்சிருப்பாங்க. மெதுவா பேசுன்னு நான் கெஞ்சினதை உலகத்துக்கு ஏத்திட்டு எனக்காகன்னா எப்படிங்க?"

"உன் பேரைப் போடல."

"எனக்குத் தெரியுதுல்ல?"

அவருக்குக் கோபம் வந்தது. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, மத்தியானம் முழுக்க சோதனை நிரல் மீதும், நார்வேக்காரன் மீதும், மூன்று புள்ளிகள் மீதும் சேர்ந்தது எல்லாம் இங்கே இறங்கியது. "அப்ப என்னைக் கூப்பிட வேண்டியதுதானே? சுவத்துக்கு அந்தப் பக்கம் ஒருத்தன் கல்லு மாதிரி உக்காந்து கேக்கணும், நீ புரியல புரியலன்னு அடிக்கணும், வரவும் கூடாது, கேக்கவும் கூடாது. நான் என்னதான் பண்றது? வீதம்னு வச்சது யாரு? வேகம்னு நான் எழுதினதை அடிச்சது யாரு?"

சொல்லியிருக்க வேண்டாம். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துக் கிட்டே போனார். சிரித்துக்கொண்டிருந்தாள், சத்தமில்லாமல், நல்ல சிரிப்பு இல்லை.

"வீதமா? அடக் கடவுளே. வீதம்." மூக்கை உறிஞ்சினாள். "கேக்கிறதுன்னா ஒழுங்கா முழுசாக் கேட்டிருக்கணும். நீங்க மார்க்கெட் போயிருந்தப்ப நான் ஒண்ணு தேடினேன். அதை யாரு சேர்ப்பா?"

"என்ன தேடின?"

"திரை முழுசும் தெரியவில்லை." பாடப் புத்தகத்திலிருந்து வாசிப்பதைப் போலச் சொன்னாள். "அதுக்கு மட்டும் ஒரு பக்கம் வந்தது. மின்சாரம் வருகிறதா என்று பார்க்கவும். கணினிக்கும் திரைக்கும் இடையிலான கம்பி சரியாகச் செருகப்பட்டுள்ளதா என்று பார்க்கவும். தாங்க முடியாம அதை மறுபடி மறுபடி கேட்டேன். நீங்க எழுதின பக்கம். நல்லா எழுதியிருக்கீங்க, பிழையே இல்ல."

அவர் நின்ற இடத்திலேயே நின்றார். படியில் தடுக்கிய கால், இல்லாத வெயில், சாப்பிடும்போது தட்டின் விளிம்பை விரலால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துக்கொள்வது, இவர் வேஷ்டி மாற்றியதைக் கவனிக்காதது, எல்லாம் வரிசையில் வந்து நின்றன. ஒவ்வொன்றையும் பார்த்திருக்கிறார். ஒன்றுக்கும் பெயர் வைக்காமல் விட்டிருக்கிறார்.

"எப்பேர்ந்து?"

"மழைக்கு முன்னாடியே."

"டாக்டர்கிட்டகூட தெரியுதுன்னு சொன்னியே. அந்த எழுத்தெல்லாம் படிச்சியே."

"படிச்சேனா? எனக்கு முன்னாடி இருந்த அம்மா படிச்சதைக் கேட்டு ஒப்பிச்சேன். அவர் ரெண்டாவது வரியிலயே கண்டுபிடிச்சிட்டார். நீங்க மருந்துக் கடைக்குப் போனப்ப சொல்லிட்டார். உங்ககிட்ட நானே சொல்றேன்னு சொன்னேன்." அவள் விரல்கள் விசைகளின் மேல் அழுத்தாமல் ஊர்ந்தன. "சொன்னா நீங்க மௌஸைப் பிடுங்கினதோட நிறுத்த மாட்டீங்க. தட்டைப் பிடுங்குவீங்க, டம்ளரைப் பிடுங்குவீங்க. பாசமாத்தான் பிடுங்குவீங்க. அதுக்கு முன்னாடி கொஞ்சம் கத்துக்கிடலாம்னு பாத்தேன்."

பூவராகன் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார். கட்டில் கிறீச்சிட்டது. அவள் நாற்காலியைச் சத்தம் வந்த பக்கம் திருப்பினாள், ஒரு கை அளவு தள்ளித் திருப்பினாள், அலமாரியைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"நிரூபனுக்குப் பதில் எழுதணும். இதை எப்படி மெதுவாக்குறது? இப்ப கேக்கிறேன், சொல்லுங்க. தொடக் கூடாது."

அவர் சொன்னார். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு சொன்னார். இன்சர்ட், ஸ்பேஸ் பார். அவள் முதல் தடவை தவறவிட்டாள், வேறு ஏதோ திறந்தது, அவருடைய இடது கை தானாகக் கிளம்பி வெளியே வந்தது, இழுத்து உள்ளே வைத்தார். இரண்டாம் தடவை பெட்டி திறந்தது. வீதம், என்று குரல் சொன்னதும் அவள் உதட்டைச் சுளித்தாள். கீழ் அம்பை அழுத்திக்கொண்டே போனாள். பொரிச்சல் பேச்சானது. நின்று நிதானமாகப் பேசியது, சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவனுக்கும் கேட்கும்படி. அவள் எழுதத் தொடங்கினாள். அன்புள்ள நிரூபன், முதல் விதியை எழுதியவள் நான். அதை நீக்குகிறேன். பூவராகன் அனுப்பிய சொற்கள் நான் தேடியவை. எனக்குப் பார்வை இல்லை. குழுவினருக்குத் தெரிவிக்கலாம். ஒவ்வொரு சொல்லும் அடித்து முடித்ததும் அறைக்குள் ஒருமுறை நின்றது. அவருக்குக் கேட்காமல் இருக்க வழி இல்லை, இந்தத் தடவை அவர் கேட்பதற்காகவே அவள் அடித்தாள்.

பதில் சீக்கிரமே வந்தது. டீச்சர், என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. உங்கள் கடிதம் வருவதற்குச் சற்று முன்புதான் பதிப்பை மூடினார்கள். நான் கேட்டுப் பார்த்தேன், திறக்க மாட்டோம் என்கிறார்கள். அடுத்த பதிப்பில் முதல் வேலையாகச் சேர்ப்பேன். அடுத்த பதிப்பு அரை வருஷம் கழித்து. இடையில் யார் மெதுவா பேசு என்று தேடினாலும் ஏதுமில்லை என்றுதான் வரும். பூவராகன் தொடையில் ஓங்கிக் குத்திக்கொண்டார். "கொஞ்சம் முன்னாடி. கொஞ்சம் முன்னாடி அந்தப் பாழாப்போன நிரல் நீளம் நீளம்னு திருப்பி அடிக்காம இருந்திருந்தா."

"விடுங்க," என்றாள் திலகவதி. அவள் குரலில் எரிச்சல் போகவில்லை, ஆனால் அது இப்போது இவர் மேல் இல்லை.

வெளியே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. ஜன்னல் கம்பிகளின் நிழல் அவள் மடியில் விழுந்து, புடவை மடிப்பில் உடைந்து, தரையில் தொடர்ந்தது. அவள் அதன் மேல் கையை வைத்திருந்தாள், சூட்டுக்காகவோ என்னவோ. கேட்கலாமா என்று அவருக்குத் தெரியவில்லை. கேட்டார்.

"இப்ப எப்படி இருக்கு? இருட்டா இருக்கா?"

அவள் தலையைச் சாய்த்து, கேள்வியைச் சரியாக எடுத்துக்கொண்டு, ஒரு புதுச் சொல்லுக்கு யோசிக்கும்போது உட்காருவது போல உட்கார்ந்தாள்.

"இருட்டு இல்ல. இருட்டுன்னா நாம பாக்கிறோம்ல, கறுப்பா, அதையும் கண்ணாலதானே பாக்கிறோம். இது அப்படி இல்ல. வெறுமைன்னும் சொல்ல முடியாது." நிறுத்தினாள். உதடு ஒருமுறை அசைந்து எதையோ சொல்லிப் பார்த்து வேண்டாம் என்று விட்டது. "முதுகுக்குப் பின்னாடி என்ன தெரியுது உங்களுக்கு? அது மாதிரி. ஆனா அதுவும் இல்ல. இதுக்கு ஒரு சொல் சிக்க மாட்டேங்குது எனக்கு."

அவருக்குள் சொற்கள் முட்டிக்கொண்டு வந்தன, ஒன்று, இரண்டு, சுமாரானவை. அவர் ஒன்றையும் எடுத்துக் கொடுக்கவில்லை.